ஐஸ் பேக்டரித் தொட்டி

சங்குப்பாட்டு மீன் இறங்குதளத்தின் சுவரில் அரசாங்க நோட்டீஸை ஒட்டிய அன்று, அதைக் கடைசி வரிவரை படித்த ஒரே ஆள் கிளாட்வின்தான். மற்றவர்கள் மேலே கொட்டை எழுத்தில் இருந்த ‘பதினாறு கோடி’ வரைக்கும் படித்துவிட்டு, அதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல டீக்கடைக்குப் போய்விட்டார்கள். கிளாட்வின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வோர் இனமாக இறங்கி வந்தார். படகு அணையும் தளத்தை நீட்டுவது. அலையைத் தடுக்கக் கல் கொட்டுவது. மீன் ஏலக்கூடம். வலை பின்னும் கூடம். பெண்களுக்கு ஆறு கழிப்பறை, ஆண்களுக்கு நான்கு. எல்லாம் நல்லதாகவே இருந்தது. பதினான்காவது இனத்துக்கு வந்ததும், பாறையிடுக்கில் நங்கூரம் சிக்கியதுபோல அவர் கண் அங்கேயே நின்றுவிட்டது.

‘பயன்பாட்டில் இல்லாத ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தையும் அதன் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியையும் இடித்து அகற்றுதல்.’

மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதுவேதான் இருந்தது.

“என்ன அத்தான், பரீட்சைக்குப் படிக்கியளா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாஸ்கல். கிளாட்வினின் மனைவி பிளாரன்ஸுக்குத் தம்பி. அவனும் தூண்டில்காரன்தான்.

“ஒண்ணுமில்ல” என்றார் கிளாட்வின். ஒரு நாளில் அவர் பேசுவதில் பாதி இந்தச் சொல்லாகத்தான் இருக்கும்.

பாஸ்கல் சிரித்துக்கொண்டே நோட்டீஸில் விரலை வைத்து மேலிருந்து ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது. “சரி, எனக்குச் சோலி கெடக்கு, வாரேன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அந்த நேரத்தில் கிளாட்வினுக்கு அவருடைய கவலையே பெரிதாக இருந்ததால், மச்சினன் முகம் மாறியது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

அந்தத் தொட்டியை ஊரில் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நான்கு கால்கள்மேல் ஒரு சிமெண்ட் உருளை, அவ்வளவுதான். பேக்டரி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. என்றைக்கோ அடித்த நீல வண்ணம் உரிந்து, இப்போது அது என்ன நிறம் என்று கேட்டால் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள்.

ஆனால் கடலில் நாலு கிலோமீட்டர் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தால் விஷயம் வேறு. தொட்டிக்கு இருநூறு மீட்டர் பின்னால் மாதா கோயில் இருக்கிறது. வள்ளம் நகர நகர, கோயிலின் தெற்குக் கோபுரத்துச் சிலுவை வீட்டுக் கூரைகளுக்கு மேலாக மெல்ல நடந்து வருவதுபோல வரும். வந்து, தொட்டியின் நட்டநடு உச்சியில் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் வடக்கே இன்னோர் அடையாளமும் தன் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அது எது என்று கிளாட்வின் யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே இங்கேயும் அது வேண்டாம். இரண்டும் கூடிய இடத்தில், ஏழு பாகம் ஆழத்தில், அதாவது இரண்டு கைகளையும் ஏழு முறை விரித்தால் வரும் கயிற்றின் நீளத்தில், ஒரு பார் இருக்கிறது. சுற்றிலும் வெறும் மணலாகக் கிடக்க, நடுவில் இரண்டு அறை அகலத்துக்கு ஒரு பாறைத்திட்டு. விளமீனும் கலவாயும் அங்கே வாடகை கொடுக்காமல் குடியிருந்தன.

அதை அவர் கண்டுபிடித்துப் பத்தொன்பது வருடம். கண்டுபிடித்த நாளையும் அவர் வெளியே சொல்வதற்கில்லை. அது மாதா திருவிழா. அன்றைக்குச் சங்குப்பாட்டில் ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஊர்க் கமிட்டி அபராதம் போடும். கூட்டமும் மேளமும் ஆகாத கிளாட்வின், வயிற்றுவலி, டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஓடை வழியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சும்மா ஆளில்லாத கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் போனார். நங்கூரம் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க முக்கால் மணி நேரம் போராடியபோதுதான், அடியில் பாறை இருப்பதும், கரையில் சிலுவை தொட்டிமேல் நிற்பதும் ஒன்றாகத் தெரிந்தது.

ஜிபிஎஸ் கருவி அவரிடமும் இருந்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு தூண்டில்காரன் பிராங்க்ளின் தன் கருவியை டவுனில் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய மறுவாரம், அவன் ரகசிய இடத்தில் பதினொரு வள்ளம் நின்றது ஊரறிந்த கதை. அதோடு, தூண்டில் நூல் கையில் இருக்கும்போது கருவியைப் பார்க்க முடியாது. தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தால் வள்ளம் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். கிளாட்வின் தன் ஜிபிஎஸ்ஸில் ஒன்பது இடங்களைப் பதிந்து வைத்திருந்தார். ஒன்பதிலும் மணலைத் தவிர எதுவும் கிடையாது. கூட ஆள் சேர்த்துக்கொண்டால் இடமும் சேர்ந்து போய்விடும் என்பதால் கடலுக்குத் தனியாகவே போவார். தூரத்தில் ஒரு வள்ளம் தலைகாட்டினால், நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெறும் மணல்மேல் போய் நின்று மீன் பிடிப்பதுபோல நடிப்பார்.

அப்படிக் காப்பாற்றிய இடத்தைத்தான் பதினான்காவது இனம் பறிக்கப் பார்த்தது.

வீட்டில் பிளாரன்ஸ் வேறு உலகத்தில் இருந்தாள். இருபது வருடமாக இறங்குதளத்து வெயிலில் நின்று மீன் எடுத்து, ஏரல் பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிறவள் அவள். விடியற்காலை வீட்டைவிட்டுப் புறப்பட்டால் மதியம் வரை ஒதுங்க இடமில்லை என்பதால், தண்ணீரே குடிக்காமல் போகப் பழகியிருந்தாள்.

“கேட்டியளா, ஏலக்கூடம் வருது. மேல கூரை, கீழ வழவழன்னு தரை. எங்களுக்குத் தனியா ஆறு கக்கூஸ்! எங்கன கட்டுதாவ தெரியுமா? அந்தப் பாழாப்போன ஐஸ் பேக்டரியை இடிச்சுட்டு அந்த எடத்துலதான்.”

கிளாட்வின் சோற்றைப் பிசைந்தார். வெகுநேரம் பிசைந்தார். “அந்தத் தொட்டி… இருந்தா என்ன?” என்றார்.

பிளாரன்ஸ் கரண்டியோடு திரும்பினாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் அவர் ஊர்க்காரியத்தில் கருத்துச் சொல்வது இதுதான் முதல் தடவை. “அதுல என்னத்த வச்சிருக்கிய, புதையலா?”

“ஒண்ணுமில்ல.”

“தொட்டி இருந்தா எங்க கூடம் எங்கன வரும்? உங்க தலையிலயா?”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் பிளாரன்ஸிடம் சொன்னால் அது தம்பி காதுக்குப் போகும். பாஸ்கல் காதுக்குப் போனால் தருவைகுளம் வரைக்கும் போகும். மோரை ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்க் கமிட்டித் தலைவர் ஞானதீபம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உதவிப் பொறியாளர் சண்முகப்ரியா திரையில் படம் போட்டுக் காட்டினாள். முப்பது வயதுக்குள் இருக்கும், ஏரல்காரி. பேச்சு பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பெண்கள் பக்கம் ‘ஆ’ என்று சத்தம் எழுந்தது.

பிளாரன்ஸ் எழுந்து, “கக்கூஸ் கட்டுவிய, சரி. தண்ணி எங்கன இருந்து வரும்?” என்றாள்.

“புதுசா ஒரு ஓவர்ஹெட் டேங்க் வருதும்மா. வடக்கு மூலையில, வலை பின்னுற கூடத்துக்குப் பக்கத்துல. அங்க இருந்து பைப் போட்டுருவோம்.”

“வடக்கு மூலையில இருந்து தண்ணி தெக்கு மூலைக்கு நடந்து வாரதுக்குள்ள நாங்க ஏரலுக்கே போய்ச் சேர்ந்துருவோமே!”

மண்டபம் சிரித்தது. சண்முகப்ரியாவும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். கிளாட்வின் கடைசி வரிசையில், என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். தொட்டி என்ற சொல்லே தன் வாயிலிருந்து வரக் கூடாது, ஆனால் தொட்டி நிற்க வேண்டும். அப்படி ஒரு வாக்கியம் எவ்வளவு யோசித்தும் அமையவில்லை. அதற்குள் முன்னால் பாஸ்கல் எழுந்துவிட்டான்.

“மேடம், அந்தப் பழைய தொட்டியை இடிக்கப்படாது. அதுல ஒரு ஆந்தை குடும்பம் இருக்கு.”

“ஏலே, நேத்து வரைக்கும் உனக்கு ஆந்தையைத் தெரியுமாலே?” என்றாள் பிளாரன்ஸ்.

“பாவம்லா அக்கா, அதுக்கும் வீடு வேணும்லா?”

பாஸ்கல் உட்காருமுன் பிராங்க்ளின் எழுந்தான். “அது நம்ம ஊருக்குப் பழமைச் சின்னம். நூறு வருசம்…”

“எண்பத்தெட்டுல கட்டுனது. எங்கப்பா சிமெண்டு கொழைச்சாரு” என்று பெண்கள் பக்கமிருந்து தேவகனி அவனை அடக்கினாள்.

அப்புறம் மூத்த தூண்டில்காரர் அற்புதமணி, அந்தத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தால்தான் தன் மூட்டுவலி அடங்குகிறது என்றார். இன்னொருவர், அதைத் தட்டினால் கோயிலுக்கு அதிர்ச்சி வரும் என்றார். பெண்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகக் கிழித்தார்கள்.

கிளாட்வின் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இவர்களுக்கு ஏன் தொட்டி மேல் இந்தப் பாசம்? ஒரே ஒரு விடைதான் தோன்றியது. என்னை மோப்பம் பிடித்துவிட்டார்கள். எனக்கும் தொட்டிக்கும் தொடுப்பு இருக்கிறது என்று பாஸ்கலுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாயைத் திறந்து ஆமாம் போடுகிறேனா என்று பார்க்க நாடகம் ஆடுகிறார்கள். அன்றைக்கு நோட்டீஸ் முன்னால் மச்சினன் முகம் மாறியது இப்போதுதான் மனதில் பட்டது, தப்பான பக்கமாக.

பயத்தில் மனிதன் செய்கிற காரியத்துக்குக் கணக்கே கிடையாது. கிளாட்வின் எழுந்து நின்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் அவர் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“அது பழைய தொட்டி” என்றார். “என்னைக்கிருந்தாலும் யாரு தலையிலயாவது விழும். இடிச்சிரலாம்.”

பெண்கள் கை தட்டினார்கள். ஞானதீபம் “இத்தனை பேர்ல ஒரு மனுசன்!” என்றார். பிளாரன்ஸ் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் இருபத்தாறு வருடத்துப் புகாரெல்லாம் கரைந்து போயிருந்தது. ஊரின் மற்ற தூண்டில்காரர்கள் ஆறு பேரோ, யூதாசைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை. கிளாட்வினுக்கு ஏதோ பிசகிவிட்டது என்று புரிந்தது. என்ன பிசகு என்றுதான் தெரியவில்லை. தன் கையாலேயே தன் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் பிளாரன்ஸ் டவுனிலிருந்து கால் கிலோ மக்ரூன் வாங்கி வரச் செய்து, தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். “எனக்காகத்தானே பேசுனிய?” என்றாள். வாயில் போட்டால் கரையும் பண்டம் அது. அன்றைக்குக் கரைய மறுத்தது.

மறுநாள் காலை, இறங்குதளத்து ஓரமாகத் தகரக் கூரை போட்ட பொறியாளர் அறைக்குக் கிளாட்வின் போனார். எதிரே படியிறங்கி வந்துகொண்டிருந்தார் அற்புதமணி. “கரண்டு விசயமா கேக்க வந்தேன்” என்றார், யாரும் கேட்காமலே. அவருக்குப் பின்னால் பாஸ்கல் வெளியே வந்தான். “ஆந்தை விசயமா” என்றான். அத்தான் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

உள்ளே சண்முகப்ரியா வரைபடத்தின்மேல் குனிந்திருந்தாள். “உக்காருங்க அண்ணாச்சி. நேத்து இடிக்கச் சொன்னவங்கல்லா நீங்க?”

“ஆமா.”

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு வள்ளம் வந்து அணைந்து, மீனைக் கொட்டி, கிளம்பியும் போனது. அவள் அவசரப்படுத்தவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“இடிக்க வேண்டாம்” என்றார் கிளாட்வின்.

“ஏன் அண்ணாச்சி?”

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். “கதவைச் சாத்தலாமா?”

சண்முகப்ரியா பொங்கி வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். ஒரு தாளை எடுத்து ஒரு புள்ளி வைத்தாள். “இது கோயில்.” அதற்கு முன்னால் இன்னொரு புள்ளி. “இது தொட்டி.” இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். கோடு தாளின் ஓரம்வரை, கடலுக்குள் நெடுந்தூரம் போனது. “இதானே?”

தன் டிரங்குப் பெட்டியை யாரோ நடுத்தெருவில் திறந்து போட்டதுபோலக் கிளாட்வினுக்கு உடம்பு கூசியது. “யாரு சொன்னா? பாஸ்கலா?”

“அண்ணாச்சி, நீங்க ஏழாவது ஆளு. நேத்து ராத்திரி மூணு பேரு போன்ல. இன்னைக்குக் காலையில மூணு பேரு நேர்ல. நேர்ல வந்தவங்க எல்லாரும் கதவைச் சாத்தச் சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் இது தனக்கு மட்டும்தான் தெரியும், யாருட்டயும் சொல்லிராதீங்கன்னு சொன்னாங்க. பாஸ்கல் அண்ணன் சத்தியமே வாங்கிட்டுப் போறாரு.”

கிளாட்வின் தாளில் இருந்த கோட்டையே பார்த்தார். பத்தொன்பது வருடமாகத் தனக்கு மட்டும் சிலுவை தூக்கிக் காட்டிய தொட்டி, ஊரில் தூண்டில் போடுகிற அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறது. நேற்று அவர்கள் ஆடியதும் நாடகம்தான், ஆனால் அவருக்காக இல்லை. ஆளுக்கொரு பாரைக் காப்பாற்ற. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ரெண்டாவது அடையாளத்தை யாரும் சொன்னாவளா?”

“ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல. எங்கப்பா மந்திரமூர்த்தி ஏரல்ல கருப்பட்டிக் கடை வச்சிருக்காரு. எந்த ஊர்ல, எந்தப் பனைக்காரர்ட்ட வாங்குதாருன்னு இன்னை வரைக்கும் எங்கம்மாவுக்கே தெரியாது. எனக்குப் புரியும் அண்ணாச்சி.”

கிளாட்வினுக்கு மூச்சு சீராக வந்தது. கோடு எல்லாருக்கும் ஒன்றுதான். கோட்டில் எந்த இடத்தில் நிற்பது என்பது அவரவர் சொத்து. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“ஆனா ஒண்ணு” என்றாள் அவள். “அந்த எடத்துலதான் கூடம். அதை மாத்த முடியாது. தொட்டி போய்த்தான் ஆகணும்.”

பிளாரன்ஸ் தண்ணீர் குடிக்காமல் ஏரல் பஸ்ஸில் ஏறுவது கிளாட்வின் கண்முன் வந்தது. அதோடு அவள் மண்டபத்தில் கேட்ட கேள்வியும் வந்தது. அவர் எழுந்து வரைபடத்தின்மேல் குனிந்தார்.

“வடக்கு மூலையில புதுத் தொட்டி போடுதியல்லா? அதைத் தூக்கி இங்கன போட்டா? பழசு நிக்கிற அதே எடத்துல. கூடத்தைக் கொஞ்சம் மேக்கே தள்ளிரலாம். கக்கூசுக்கும் தண்ணி பக்கத்துல கெடைக்கும்.”

ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசிவிட்டதால் அவருக்கு லேசாகத் தலை சுற்றியது.

சண்முகப்ரியா அளவுகோலை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். “பன்னெண்டு அடி தள்ளினாப் போதும். மேல ஒப்புதல் வாங்கிரலாம். ஆனா காரணம் வேணும். பொம்பளைங்க எழுதிக் கொடுத்தா பலமா இருக்கும்.” பிறகு தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். “கோயிலுக்கும் தொட்டிக்கும் இருநூறு மீட்டர். உங்களுக்கு நாலு கிலோமீட்டர். அப்ப இங்க ஒரு அடி தள்ளிப்போச்சுன்னா அங்க இருபது அடி தள்ளிரும், இல்லையா?”

கிளாட்வின் அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். அவருக்கு இதைப் புரிந்துகொள்ள எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. “யம்மா, நீ கடலுக்கு வந்திருக்கணும்” என்றார்.

மனுவைப் பிளாரன்ஸ்தான் எழுதினாள். ‘பெண்களின் வசதி கருதி’ என்று தொடங்கி இரண்டு பக்கம். நாற்பத்து மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ஏழு ஆண்கள் வரிசையாகப் போட்டார்கள்.

“இதென்ன கூத்து?” என்றாள் பிளாரன்ஸ். “பாஸ்கலு, அற்புதமணி அண்ணாச்சி, பிராங்க்ளினு… எல்லாவனுக்கும் திடீர்னு பொம்பளையாளு கக்கூசு மேல இவ்வளவு கரிசனமா? ஏங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“ஒண்ணுமில்ல.”

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் அவரைப் பார்த்தாள்.

மழை முடிந்ததும் பழைய தொட்டி இறங்கியது. இடம் குறிக்க முளை அடித்த அன்று, ஏழு பேரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். ஒருவன் ஆட்டைத் தேடி வந்தான். அவனுக்கு ஆடே கிடையாது. ஒருவர் கையில் சாப்பாட்டுத் தூக்குவாளியும் அதற்குள் ஓர் அளவு நாடாவும் இருந்தன. சண்முகப்ரியா பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி, “அதே எடம்தான், கவலைப்படாதீங்க” என்றாள். ஏழு பேரும் தன்னிடம் மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அப்புறம் ஏழு மாதம் சிலுவை நிற்க இடமில்லாமல் இருந்தது. தொட்டி இறங்குமுன் பாரைப் பத்தாவது இடமாகக் கருவியில் பதிந்திருந்த கிளாட்வின், அந்தக் காலத்தில் அதை நம்பிப் போய்ப் பார்த்தார். அது அவரைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விட்டது. வீட்டு வாசலில் நிறுத்தவில்லை. வெறும் மணலில் நூலை விட்டுக்கொண்டு, கரையில் தளம் நீளுவதையும், கூடத்தின் தூண்கள் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பாஸ்கலும் ஏதோ ஒரு மணலில் நின்றுகொண்டிருந்தான். முன்பென்றால் அவனைக் கண்டதும் நங்கூரத்தைத் தூக்கியிருப்பார். இப்போது அது தேவைப்படவில்லை. ஒரு நாள் கையை உயர்த்திக்கூடக் காட்டினார். பாஸ்கல் பயந்துபோய் வள்ளத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

திறப்பு விழா அன்று புதுத் தொட்டி வெள்ளை வெளேரென்று நின்றது. கடலைப் பார்த்த பக்கத்தில் ஒரு இரும்பு ஏணி. ஏணிக்குப் பின்னால், இரட்டைக் கதவு அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பட்டை. பெண்கள் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். அதிகாரிகள் பேசி முடித்துக் கிளம்பும்போது, சண்முகப்ரியா கிளாட்வினிடம் வந்து, “அண்ணாச்சி, ஏணியை எங்க வச்சிருக்கேன்னு பாத்தியளா?” என்றாள்.

“நல்ல கெட்டியான ஏணி” என்றார் கிளாட்வின். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாஸ்கலும் பிராங்க்ளினும் நெருங்கி வருவதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் கிளாட்வின் நாலு கிலோமீட்டர் தள்ளி நின்றார். சிலுவை நடந்து வந்தது. புதுத் தொட்டியின் நட்டநடு உச்சியில் ஏறியது. வடக்கே மற்றதும் கூடியது. நங்கூரத்தை விட்டார். மணல். நூலை விட்டார். நுனியில் கட்டிய ஈயக்குண்டு மெத்தையில் விழுவதுபோல மெத்தென்று விழுந்தது. ஒரு மணி நேரம் இருந்தும் ஒரு கடி இல்லை.

தள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஓர் அடியோ, இரண்டு அடியோ. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். வடக்கே ஒரு வள்ளம் பத்தடி முன்னால் போவதும், நங்கூரம் போடுவதும், தூக்குவதும், பின்னால் வருவதுமாக இருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. தெற்கே நான்கு. பொருளைத் தொலைத்துவிட்டு, தொலைத்ததை வெளியே சொல்லாமல் தேடுகிறவர்கள்போல, ஆறு வள்ளமும் கடல்மேல் தடவிக்கொண்டிருந்தன. பாஸ்கல் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, கரையைப் பார்த்து வாய்க்குள் திட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கிளாட்வினுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வாய் வழியாக வந்தது. தனியாக ஒரு வள்ளத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதர் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததைக் கடல் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக் கரையைப் பார்த்தபோது, சிவப்புப் பட்டை கண்ணில் பட்டது. அது தொட்டியின் நடுவில் இல்லை. நடுவிலிருந்து வடக்கே ஒதுங்கி இருந்தது. அடித்தளம் தோண்டும்போது பேக்டரியின் பழைய கான்கிரீட் குறுக்கிட்டதாக யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. தொட்டியைத்தான் தள்ளிவிட்டாள். ஏணியைத் தள்ளவில்லை, பழைய தொட்டியின் நடு இருந்த இடத்துக்கு நேராகவே வைத்திருக்கிறாள்.

‘ஏணியை எங்க வச்சிருக்கேன்னு பாத்தியளா?’

நங்கூரத்தைத் தூக்கினார். சிலுவை தொட்டி உச்சியிலிருந்து மெல்ல நகர்ந்து, சிவப்புப் பட்டைக்கு நேர்மேலே வந்து நின்றது. ஈயம் கீழே போய், கல்லில் ‘டக்’ என்று தட்டியது. அந்தத் தட்டு நூல் வழியாக விரலுக்கு வந்து, விரல் வழியாக உச்சந்தலைக்குப் போனது. ஏழெட்டு மாதமாகத் தொந்தரவில்லாமல் வளர்ந்திருந்த விளமீன்கள் அவரை மறந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்குக் கிளாட்வின் புதுத் தளத்தில் வள்ளத்தை அணைத்தார். பிளாரன்ஸ் கூடத்துக் குழாயடியில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், பாதி குடித்தது. மீனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “ஏயப்பா! எங்கன புடிச்சிய?”

கிளாட்வின் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை.

“பாதி சொல்லட்டுமாளா?”

“பாதி எனக்குத் தெரியும்” என்றாள் அவள், தொட்டியை அண்ணாந்து பார்த்து. “ஏழு ஆம்பளைய தானா வந்து கையெழுத்துப் போட்டா, என்னன்னு யோசிக்கத் தெரியாதா எங்களுக்கு? மீதியைச் சொல்லுங்க.”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் காதில் சொன்னார். எந்த அடையாளம், எந்த ஆழம், எந்த நாளில் கண்டுபிடித்தது, எல்லாம் சொன்னார். பத்தொன்பது வருடத்தைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆயிற்று.

பிளாரன்ஸ் முகத்தில் ஆச்சரியம் வந்தது, பெருமை வந்தது, பிறகு வேறொன்று வந்தது.

“இருங்க, இருங்க. மாதா திருவிழா அன்னைக்கா? வயித்துவலின்னு டாக்டர்ட்ட போன அன்னைக்கா?”

கிளாட்வின் குனிந்து மீனை அடுக்கத் தொடங்கினார்.

“பாவி மனுசா! அன்னையில இருந்து வருசா வருசம் திருவிழாவுக்கு உங்க வயித்துக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டிருக்கேன் நான்! பத்தொம்பது மெழுகுவர்த்தி!”

அப்போது பாஸ்கல் வெறும் பெட்டியோடு கரையேறி வந்தான். அத்தானின் மீனைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “என்னக்கா, என்ன சொல்லுதாரு அத்தான்? எங்கன புடிச்சாராம்?”

பிளாரன்ஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. உதட்டோரத்தில் மட்டும் அதை மீறி ஏதோ துடித்தது.

“ஒண்ணுமில்லலே” என்றாள்.